மண்டபத்துக் கம்ப்யூட்டருக்குப் பாலாலயம்

நடக்காதா? ஏம்மா ஜூடித், நீ பார்க்கலேன்னா நடக்காதா? நான் இந்தக் கண்ணால பார்த்தேன். கம்ப்யூட்டருக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. மேலேர்ந்து தெளிச்ச தீர்த்தம் என் தலையில விழுந்தது. அப்புறம் தொன்னையில சக்கரைப் பொங்கல் குடுத்தா, அதுல முந்திரி கம்மி. முந்திரி கம்மிங்கறது வரைக்கும் ஞாபகம் இருக்கறச்சே கும்பாபிஷேகம் மட்டும் பொய்யா இருக்குமா?

"ஓஎஸ் மாத்தறதுக்கு ஒரு மணி நேரம் போதும் பாட்டி, சிடியைப் போட்டா அதுவே ஏறிடும்"னு நீ சொல்றே. உன் ஆபீஸ்ல ஏறும். அங்கே எல்லாரும் சின்னப் பசங்க. எங்க ஜோகுபாளையம் விவாக மந்திரத்துல அந்த சிடி ஏறறதுக்குள்ள என் பேத்தி தர்ஷினி கல்யாணம் பட்ட பாடு இருக்கே! சித்த உக்காரு. காபி ஆறட்டும். நீ சூடாக் குடிக்க மாட்டே, எனக்குத் தெரியும்.

விவாக மந்திரம்னா கல்யாண மண்டபம்தான். ஓல்ட் மெட்ராஸ் ரோடுலேர்ந்து உள்ள திரும்பினா பச்சை கேட் போட்டிருக்குமே, அது. அதை நடத்தறது மூணு பேர். பிரசிடெண்ட் ஆராவமுதன், செகரட்டரி கணேசமூர்த்தி, ட்ரெஷரர் எங்காத்து மாமா சுந்தரேசன். மூணு பேரும் கர்நாடகா சர்க்கார்ல பெரிய உத்தியோகம் பார்த்தவா. ரிட்டயர் ஆனது சர்க்காருக்குத் தெரியும். அவாளுக்குத்தான் தெரியாது. ஒரே மேஜையில உக்காந்திருப்பா. ஆராவமுதன் ஒரு காகிதத்துல "செகரட்டரியின் கனிவான கவனத்திற்கு"ன்னு எழுதுவார். செகரட்டரி அரை அடி தள்ளி உக்காந்துண்டு அதை வாங்கி டிராயர்ல வெச்சுப்பார். சாயங்காலமா எடுத்துப் படிச்சுட்டு "பார்த்தேன்"னு எழுதி, அரை அடி நகர்த்தி வெப்பார்.

ஆத்துலயும் அதே கதைதான். ஒருதரம் குக்கர் பழசாயிடுத்து, புதுசு வாங்கணும்னேன். "பழசு லாயக்கில்லேன்னு யார் சர்டிஃபை பண்ணினா?"ன்னார் எங்காத்து மாமா. மறுநாள் குக்கரே சர்டிஃபை பண்ணித்து. வெயிட் பறந்து போய் மேல சீலிங்ல பதிஞ்சு, பருப்பெல்லாம் காலண்டர்ல இருக்கற முருகன் மேல. அப்பவும் மனுஷர் அண்ணாந்து பார்த்துட்டு, "இது தனி சம்பவமா, இல்லே வழக்கமா நடக்கறதா?"ன்னு கேட்டார். நான் அன்னிக்குப் பட்டினி போட்டேன் அவரை.

எங்கே விட்டேன்? ஆங், கம்ப்யூட்டர்.

ஏதோ கம்பெனில தூக்கிப் போட்டதை தானமா வாங்கிண்டு வந்தா. விண்டோஸ் தொண்ணூத்தஞ்சோ என்னமோ அதுல. பாவம் அதுக்கு ரெண்டே வேலைதான். எந்த முகூர்த்தம் எந்தக் கல்யாணத்துக்குன்னு ஞாபகம் வெச்சுக்கணும். கல்யாணத்துக்கு முன்னால, சாவி வாங்கறதுக்கு ஒரு உத்தரவு அச்சடிச்சுக் குடுக்கணும். அந்த உத்தரவு இல்லாம சாவி கிடையாது. ஆராவமுதன் அடிச்சுச் சொல்லுவார்: "கம்ப்யூட்டர்ல இல்லாத கல்யாணம் சட்டப்படி வெறும் சாப்பாடுதான்."

தர்ஷினிக்குத் தை மாசத்துல நாள் குறிச்சோம். பையன் ப்ரஹ்லாத் அமெரிக்காவுல வேலை. லீவு கிடைச்சதே பெரிசு. அந்த முகூர்த்தத்தை விட்டா அடுத்த லீவு எப்போன்னு அவனுக்கே தெரியாது. ஆவணியிலேயே மண்டபம் பிடிச்சாச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, பத்திரிகையும் அடிக்கக் குடுத்தாச்சு.

நடுவுல வந்தது ஆயுத பூஜை.

பெங்களூர்ல ஆயுத பூஜைன்னா உனக்குச் சொல்லணுமா? பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டுவா, உங்க ஆபீஸ்லயே பூசணிக்காய் உடைச்சு ரோடெல்லாம் வழுக்கும். மண்டபத்துல கணேசமூர்த்தி பஞ்சகச்சம் கட்டிண்டு, சங்கல்பம் பண்ணிண்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மானிட்டருக்கு மல்லிப்பூ மாலை போட்டு, ஜோராப் பூஜை பண்ணினார். சரி. பூஜையில வெச்ச சாமானை எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கும்மா. மறுநாள் காலம்பர புனர்பூஜைன்னு ஒண்ணு பண்ணி, சித்த வடக்கே நகர்த்தின அப்புறம்தான் தொடலாம். அதுவரைக்கும் அது ஸ்வாமி. கத்திரிக்கோலானாலும் ஸ்வாமி. நாங்க ஒரு வருஷம் அருவாமணையைப் பூஜையில வெச்சுட்டு, நறுக்க வழியில்லாம முழுக் கத்திரிக்காயைக் குழம்புல போட்டோம். அது நன்னாத்தான் இருந்தது, அதை விடு.

மறுநாள் காலம்பர புனர்பூஜை பண்ண வேண்டிய கணேசமூர்த்தி எங்கே இருந்தார்? ஆகாசத்துல! பொண்ணுக்குப் பிரசவம், அமெரிக்கா கிளம்பிட்டார். அந்த வருஷம் எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான். பெட்டி நிறைய பிரசவ லேகியத்தை அடைச்சுண்டு புருஷனும் பொண்டாட்டியுமாப் போயிடுவா. பூட்டின வீட்டுக் கணக்கை வெச்சுத்தான் எத்தனை குழந்தை பொறந்திருக்குன்னு நாங்க தெரிஞ்சுப்போம்.

இங்கே கம்ப்யூட்டர் மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கு. ஸ்விட்ச் போட ஒருத்தருக்கும் தைரியம் இல்லே.

"நீங்களே ஒரு புனர்பூஜை பண்ணிடுங்கோளேன்"னு ஆராவமுதன்கிட்ட நானே போய்க் கேட்டேன்.

"எப்படி மாமி? சங்கல்பம் கணேசமூர்த்தி பேர்ல. ஆரம்பிச்ச அதிகாரிதான் முடிக்கணும். அவர் என்கிட்ட சாவியை ஒப்படைச்சார், ஸ்டேப்ளரை ஒப்படைச்சார். பூஜையை ஒப்படைக்கலே."

"போன்ல கேட்டு ஒப்படைக்கச் சொல்லுங்கோ."

"கேட்டேன். லீவுல இருக்கறச்சே உத்தியோக விஷயம் பேசக்கூடாதாம், ரூல் இருக்காம். ரூலை எழுதினவனே நான்தான் மாமி, மறுக்க முடியலே."

"அப்போ அவர் திரும்பி வந்து முடிக்கட்டும்."

"கடல் தாண்டிட்டாரே! வந்ததும் அவருக்கே பிராயச்சித்தம் பண்ணணும். நோடோணா."

நோடோணான்னா கன்னடத்துல பார்க்கலாம்னு அர்த்தம். ஆராவமுதன் சொன்னா பார்க்க மாட்டேன்னு அர்த்தம்.

எங்காத்து மாமாவைப் பிடிச்சேன். "ஏன்னா, குழந்தை கல்யாணம். நீங்க ஒரு வார்த்தை பேசப்படாதா?"

"சுப்பு, சொந்தப் பேத்தி விஷயம். நான் வாயைத் திறந்தா பாரபட்சம்னு ஆயிடும். அந்தப் பேச்சு வந்தாலே நான் எழுந்து வெளியில போயிடறேன்."

போயிடுவாராம், பெருமையா வேற சொல்றார்! வெளியில போய் எதுத்தாப்ல பேக்கரில பஃப்ஸ் சாப்பிட்டுட்டு வருவார். வந்தவருக்குச் சட்டையெல்லாம் தூள்.

இந்த நேரத்துலதான் ராஜேஷ்குமார்னு ஒருத்தன் வந்து சேர்ந்தான். கன்ஸல்டன்ட்டாம். கழுத்துல ஒரு பட்டை, அதுல அவன் போட்டோ. காசு வாண்டாம், சமூக சேவையாப் பண்றேன்னான். கம்ப்யூட்டரைத் தொடலே, கிட்டக்கூடப் போகலே. சாப்பாட்டு ஹால் சுவத்துல படம் காட்டினான். அம்புக்குறி போட்டு ஒரு வட்டத்துலேர்ந்து இன்னொரு வட்டம். "ஸார், உங்க பிராப்ளம் பூஜை இல்லே. உங்க ஓஎஸ் பழசு. எக்ஸ்பிக்கு மாறணும்"னான்.

ஆராவமுதனுக்கு முகமெல்லாம் பல்லு. பூஜையை முடிக்கறது அவர் அதிகாரத்துல இல்லே. ஓஎஸ்ஸை மாத்தலாமா வாண்டாமான்னு ஆலோசிக்கறது அவர் அதிகாரத்துல இருக்கே! உடனே கமிட்டி. ஐப்பசி பூரா அதே பேச்சுதான்.

"இப்போ இருக்கறது ஓடறதா?"ன்னு கேட்டார் ஆராவமுதன்.

"ஓடினது ஸார்"னான் ராஜேஷ்குமார்.

"ஓடறதுன்னா எதுக்கு மாத்தணும்?"

"சரி, ஓடலேன்னு வெச்சுக்கோங்க."

"ஓடாத மெஷினுக்குப் புதுசு எதுக்கு? வீண் செலவுன்னு ஆடிட்ல கேப்பாளே."

"ஆன் பண்ணிப் பார்த்தா ஓடறதா இல்லையான்னு தெரிஞ்சுடும் ஸார்."

"பூஜையில இருக்கறதை எப்படி ஆன் பண்றது?"

"அப்போ ஓடறதுக்கும் ஓடாததுக்கும் நடுவுல இருக்கு ஸார்."

"அதான் சரி! அப்படியே எழுதிக்கோ. நடுவுல இருக்கறதை மாத்தலாம், ஆட்சேபணையில்லே."

முடிவாயிடுத்துன்னு நெனைச்சேன். மாத்தணும்னா தொடணுமே! மண்டபத்து சாஸ்திரிகளைக் கூப்பிட்டா. அவர் கண்ணை மூடிண்டு யோசிச்சார். "பூஜையில இருக்கற வஸ்து ஸ்வாமி. ஸ்வாமிக்குத் திருப்பணின்னா வழி இருக்கு. பாலாலயம்"னார்.

உனக்குத் தெரிஞ்சிருக்காது ஜூடித். கோயில்ல திருப்பணி நடக்கறச்சே, ஸ்வாமியோட சக்தியை மந்திரம் சொல்லிக் கலசத்துல இறக்கி, பக்கத்துல சின்னதா ஒரு எடத்துல வெச்சுப் பூஜை பண்ணுவா. உள்ள இருக்கறது அப்போ வெறும் கல்லு. கொத்தனார் தைரியமா மேல ஏறி வேலை பார்க்கலாம். முடிஞ்சதும் கும்பாபிஷேகம் பண்ணி சக்தியைத் திரும்ப ஏத்திடுவா. அதான் பாலாலயம்.

ராஜேஷ்குமார் துள்ளிக் குதிச்சான். "ஸாமி! இதுக்குப் பேர்தான் பேக்கப்!"

"எங்களவா எப்பவோ சொல்லி வெச்சது"ன்னார் சாஸ்திரிகள். ரெண்டு பேரும் கையைக் குலுக்கிண்டா. மடின்னு என்னை ஒதுங்கச் சொல்ற மனுஷர், அவன் கையை விடவே இல்லே.

கார்த்திகையில ஒரு நல்ல நாள் பார்த்து பாலாலயம். ஹோமம் வளர்த்து, கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, அதுல இருக்கற எல்லாத்தையும் ஃபிளாப்பில இறக்கினா. இத்தனூண்டு கறுப்புச் சதுரம், ஒரு டஜன் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள் நூல் சுத்தி, பித்தளைத் தாம்பாளத்துல பச்சரிசி பரப்பி வரிசையா அடுக்கினா.

"சக்தி பூராவும் வந்துடுத்தா?"ன்னார் சாஸ்திரிகள்.

"நூறு பர்சென்ட் வந்துடுச்சு"ன்னான் அவன்.

நான் சும்மா இருப்பேனா? "ஏன் ஸார், சக்தி பூராவும் இங்கே வந்துடுத்துன்னா அங்கே இருக்கறது வெறும் டப்பாதானே? ஆன்ல வேற இருக்கு. தர்ஷினி கல்யாண உத்தரவை இப்பவே அச்சடிச்சுக் குடுத்துடுங்கோளேன்"னேன்.

ஆராவமுதன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "மாமி, சக்தியில்லாத டப்பா போடற உத்தரவு எப்படிச் செல்லும்?"

எங்காத்து மாமா அதுக்குள்ள எழுந்து பேக்கரிக்குப் போயிட்டார்.

அப்புறம் சிடியைப் போட்டா. ஏறலே. பழைய மெஷினுக்கு ஞாபக சக்தி போறாதாம். எங்காத்து மாமாவுக்கும் அதான், ஆனா அவரை மாத்த முடியுமா? மெஷினையே மாத்தணும்னுட்டான் ராஜேஷ்குமார். "பின்னமான விக்ரஹத்தை ஜலத்துல சேர்த்துடணும்"னார் சாஸ்திரிகள். நாதஸ்வரம் வாசிச்சுண்டு ஊர்வலமாப் போய், அல்சூர் ஏரியில விட்டுட்டு வந்தா. பிள்ளையார் சதுர்த்திக்கு விட்ட பிள்ளையாரே இன்னும் கரையாம நிக்கறது, இது கரையப் போறதா? ஹார்ட் டிஸ்க்கையாவது கழட்டிண்டு விட்டிருக்கலாமேங்கறியா? அது அவன் காட்டின படத்துல இல்லே.

புது மெஷின் வர மார்கழி தாண்டிடுத்து. அதுவரைக்கும் ஸ்வாமி ஃபிளாப்பிலதானே இருக்கார்? ஸ்வாமின்னா நித்யப்படி அபிஷேகம் உண்டே! சாஸ்திரிகள் ஒரு நாள் விடலே. பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், எல்லாம் அந்த ஃபிளாப்பி மேல. சிரிக்காதே. அந்தத் தீர்த்தத்தை நானும் ஒரு உத்தரணி வாங்கிச் சாப்பிட்டேன். பிளாஸ்டிக் வாசனை வந்தது. பச்சைக் கற்பூரம்னு நெனைச்சுண்டேன்.

தையும் பொறந்துடுத்து. கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ப்ரஹ்லாத் வந்து இறங்கிட்டான். தர்ஷினி மூஞ்சியைப் பார்க்க முடியலே. "பாட்டி, சாவி கிடைச்சுடுமா?"ன்னு காலம்பர கேப்பா, சாயங்காலம் கேப்பா. அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டா. அதுதான் எனக்குத் தாங்கலே.

கும்பாபிஷேகத்தன்னிக்கு ஊரே கூடித்து. மேஜை மேல புது மெஷின், அதுல எக்ஸ்பி. பச்சைப் புல்லு, நீல ஆகாசம். "கைலாசம்!"னு ஒரு மாமி கன்னத்துல போட்டுண்டா. மேளம் கொட்ட, சாஸ்திரிகள் தீர்த்தம் தெளிக்க, ராஜேஷ்குமார் மொத ஃபிளாப்பியை எடுத்து உள்ள சொருகினான்.

உள்ள போச்சு. 'கர்ரக்'னு ஒரு சத்தம். அப்புறம் வெளியில வரவேயில்லே. தேன் கெட்டியாப் பிடிச்சுண்டுடுத்து. ஊதுவத்தியையும் மீறி தயிர் வாசனை. நாலு எறும்பு மட்டும் வெளியில வந்துது.

"ஆவணியிலேர்ந்து ஏத்தின கல்யாணமெல்லாம்?"னேன் நான்.

ராஜேஷ்குமார் ஸ்க்ரீனைப் பார்த்தான். "எம்ப்டியா இருக்கு ஆன்ட்டி. ஆனா ரொம்ப ஃபாஸ்ட்டா இருக்கு."

ஆராவமுதன் எழுந்து நின்னார். கண்ணுல ஜலம். "ஒண்ணுமே இல்லையா? அப்போ பாக்கி நில்! பூஜ்யம்! என் சர்வீஸ்லயே பாக்கி நில்லுன்னு நான் பார்த்ததில்லே!" ஜனமெல்லாம் கை தட்டித்து. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிச்சிருந்தவாளும் சேர்ந்துதான் தட்டினா. நானும் தட்டிட்டேன்னு வெச்சுக்கோயேன்.

சரி, புதுசா தர்ஷினி கல்யாணத்தை ஏத்துங்கோன்னேன். அவன் தட்டினான், அது 'இடமில்லை'ன்னுது. ஏன் தெரியுமா? கும்பாபிஷேகம் ஆனா ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் பூஜை உண்டே! அதுக்காக ஆராவமுதன் முதல் காரியமா மண்டபத்தை கம்ப்யூட்டர் பேர்லயே எழுதிட்டார். தனக்குத்தானே உத்தரவு அச்சடிச்சுண்டு உக்காந்திருக்கு அது.

எனக்கு அப்போதான் ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வராமயே இருந்திருக்கலாம். "ஸார், மண்டலத்துக்குள்ள ஸ்வாமிக்குத் திருக்கல்யாணம் நடத்தணுமோன்னோ?"ன்னேன்.

"உத்ஸவமா? உத்ஸவத்துக்குத் தனி அனுமதி தேவையில்லே"ன்னார் ஆராவமுதன்.

"அந்த நாள்ல வெச்சுக்கலாமே. மேளம், சாப்பாடு எல்லாம் எங்காத்து உபயம்."

அரை நிமிஷத்துல பாஸ் ஆயிடுத்து! தர்ஷினி கல்யாணம் குறிச்ச முகூர்த்தத்துல ஜம்முன்னு நடந்தது. ப்ரஹ்லாத்தான் தாலி கட்டினான். கம்ப்யூட்டருக்கும் பட்டு வேஷ்டி சாத்தி மணமேடையில ஓரமா வெச்சிருந்தா. கண்ணு பட்டுடும்னு நெனைச்சேன், அத்தனை அழகா இருந்தது.

ப்ரஹ்லாத் அமெரிக்கா திரும்பிப் போனான். பின்னாடியே தர்ஷினிக்கு விசா வாங்கணும். அதுக்குக் கல்யாணத்தைப் பதிவு பண்ணணும். பதிவு பண்ற ஆபீஸ்ல மண்டபத்து லெட்டர் கேட்டா. அச்சடிச்சுக் குடுத்தார் ஆராவமுதன். படிச்சுட்டு அந்த ஆபீஸ்காரன் எழுந்து நின்னுட்டான். திருக்கல்யாணம். மணமகள் சௌபாக்யவதி தர்ஷினி. மணமகன், மூலவர் ஸ்ரீ கம்ப்யூட்டர். ப்ரஹ்லாத் பேரும் இருந்தது, இல்லேங்கலே. உபயதாரர்னு.

"திருத்திக் குடுங்கோ"ன்னு போய் நின்னேன்.

"போட்ட உத்தரவைத் திருத்தற வசதி இந்த சாஃப்ட்வேர்ல இல்லே மாமி. அடுத்த ஓஎஸ் வரட்டும். மாத்தலாமா வாண்டாமான்னு கமிட்டி போடறேன். நோடோணா."

"அப்போ விவாகரத்தாவது வாங்கிக் குடுங்கோ. ப்ரஹ்லாதுக்கு முறைப்படி இன்னொருதரம் பண்ணி வெக்கறேன்."

"அதுக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமே!"

நீயும் சாஃப்ட்வேர்ல இருக்கே, அந்த அடுத்த ஓஎஸ் எப்போ வரும்னு விசாரிச்சுச் சொல்லும்மா. குழந்தை சாதம் வடிச்சுண்டே மூக்கை உறிஞ்சறது. வெங்காயம்ங்கறா. எங்காத்துல வெங்காயமே சேர்க்கறதில்லே.

இதுல தீபாவளி வேற. ஆராவமுதன் ஆளனுப்பிட்டார். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்கலேன்னா, பெண்ணாத்துக்காராளுக்கு சம்பந்தத்துல இஷ்டமில்லேன்னு எழுதிடுவாராம். எழுதினா லெட்டர் திருத்தற பேச்சே கிடையாதாம். நான் முடியவே முடியாதுன்னேன். எனக்கு மானம் இருக்கு. அவாளெல்லாம் பைத்தியம்னா நானும் பைத்தியமா? எங்காத்து மாமா, "சுப்பு, ஃபைல் கெட்டுப் போயிடும்"னார். மோதிரம் போட விரல் இல்லே, பிரேஸ்லெட்டா மாத்திண்டு வந்தேன், மௌஸுக்கு சரியா இருக்கும். மயில்கண் வேஷ்டியும் எடுத்தாச்சு.

ஆட்டோ சத்தம் கேக்கறதே. ஏன்னா! வாசல்ல ஏன் பேயாட்டம் நிக்கறேள்? மழை தூத்தறது, குடையைப் பிடியுங்கோ, அது நனையப்படாது. டீ தர்ஷினி, அழுதது போறும், ஆரத்தித் தட்டை எடுத்துண்டு வா. ஆட்டோக்காரரே, மெதுவா, மெதுவா, வலது பக்கம் முன்னால வரட்டும். ஜூடித், நீ சித்த எழுந்து அந்த நாற்காலியைக் குடு. ஏன்னா, மாப்பிள்ளையை உள்ள கொண்டு வாங்கோ!